கற்போர் கைப்பொருள்



கல்வியின் பெருமையைப் பேசிய நூல்கள் நம்மிடம் பல உள. ஆயினும், கற்கின்ற காலத்தில் மாணவன் எவ்வாறு உண்டான், இரவில் எரித்த விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது, கிழிந்த மேலாடையை எந்தக் காசைக் கொண்டு மாற்றினான் என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. சான்றோரின் வரலாற்றை எழுதுவோரும், "வறுமையிற் பிறந்தார், வருந்திக் கற்றார்" என்று ஒரே வரியில் அக்காலத்தைக் கடந்து விடுகின்றனர். அந்த ஒரு வரிக்குள் எத்தனை பகலும் இரவும் அடங்கிக் கிடக்கின்றன! அவ்வரியைச் சற்றே விரித்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இதற்குத் தக்க காரணமும் உண்டு. கல்லூரியிலும் பல்கலைக் கழகத்திலும் பயிலும் நம் பிள்ளைகள், ஓய்வு வேளையிற் சிறிது பொருள் ஈட்டவும், ஈட்டியதில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கவும் வழி தேடுகின்றனர். பெற்றோருள் இதனை மெச்சுவோர் உளர். படிக்கிற பிள்ளைக்குக் காசு எதற்கு என்று கடிந்துகொள்வோரும் உளர். இன்னும் சிலர், "ஊரார் என்ன நினைப்பார்கள்?" என்று நாணுகின்றனர். இம்மூவருக்கும் வரலாறு சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

முதலிற் பழங்காலத்து நிலையைச் சுருக்கமாக நோக்குவோம். புத்த சாதகக் கதைகளில் தக்கசீலம் என்னும் கல்வி நகரம் அடிக்கடி பேசப்படுகின்றது. அங்கே கற்க வரும் இளைஞனிடம் ஆசிரியர் கேட்கும் முதல் வினாக்களுள் ஒன்று, அவன் கட்டணம் கொண்டு வந்தானா, அல்லது பணி செய்து கற்க எண்ணுகிறானா என்பதாகும். ஆயிரம் காசு கொண்டு வந்தவன் ஆசிரியர் வீட்டில் மூத்த மகனைப் போல வாழ்ந்து கற்றான். கொண்டு வராதவன் பகலில் ஆசிரியருக்கு வேண்டிய பணிகளைச் செய்து இரவிற் பாடம் கேட்டான். அரசகுமாரனும் ஏழையும் ஒரே ஆசிரியரிடம் கற்றனர் என்று நாம் பெருமை பேசலாம். ஆனால் ஒருவனுக்குப் பகல் வெளிச்சமும் மற்றவனுக்கு விளக்கு வெளிச்சமும் கிடைத்தன என்பதை மறத்தல் ஆகாது. கையிற் பொருள் இல்லாத மாணவன் தன் பொழுதையே பொருளாகக் கொடுத்தான்.

தமிழகத்திற் சோழர் காலத்தில் வேறொரு வழி காணப்பட்டது. எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 340 மாணவர்க்கு நாள்தோறும் நெல் அளக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகின்றது. திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, கல்விச்சாலை, மாணவர் விடுதி, ஆதுலர்சாலை ஆகியவற்றுக்கு வகுத்த செலவை விரித்துரைக்கின்றது. அதில் மாணவர் சனிக்கிழமைகளில் தலை முழுகுவதற்கும் இரவில் விளக்கு எரிப்பதற்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கோயிற் கணக்கை எழுதியவர், மாணவனின் தேவை சோற்றோடு முடிவதில்லை என்பதை அறிந்திருந்தார். உணவு கிடைத்தாலும் எண்ணெய் வேண்டும். எண்ணெய் கிடைத்தாலும் பாய் வேண்டும். மாணவனின் வாழ்க்கையை இடர்ப்படுத்துவன பெரும்பாலும் இத்தகைய சில்லறைச் செலவுகளே.

ஆகவே கட்டணம், பணிவிடை, கொடை என்னும் மூன்று வழிகளும் தொன்றுதொட்டு நிலவின. இவற்றுள் பணிவிடை என்னும் வழி மேனாட்டுப் பல்கலைக் கழகங்களில் எவ்வடிவம் கொண்டது என்பதைக் காண, நாம் இனி இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

1661ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், பதினெட்டு வயதுடைய கிராமத்து இளைஞன் ஒருவன் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள திரினிற்றிக் கல்லூரியில் வந்து சேர்ந்தான். வந்தவுடன் அவன் வாங்கிய பொருள்களைத் தன் சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தான். மேசைக்கு ஒரு பூட்டு, ஒரு புட்டி, அதை நிரப்ப மை, ஒரு குறிப்பேடு, ஓர் இறாத்தல் மெழுகுதிரி ஆகியவை அவற்றுட் சில. அவ்விளைஞனே பின்னர் உலகம் போற்றும் விஞ்ஞானியான ஐசாக் நியூற்றன்.

நியூற்றன் கல்லூரியிற் சேர்ந்தது சைசர் என்னும் வகுப்பு மாணவனாக. சைசு என்பது கல்லூரிச் சமையற்கட்டில் அளந்து கொடுக்கப்படும் உணவுப் பங்கின் பெயர். அப்பங்கைக் குறைந்த செலவிலோ இலவசமாகவோ பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகக் கல்லூரி ஆசான்களுக்கும் செல்வ மாணவர்க்கும் ஏவல் செய்பவர் சைசர் எனப்பட்டனர். விடியலில் அவர்களைத் துயிலெழுப்புவதும், சப்பாத்துத் துடைப்பதும், பந்தியிற் பரிமாறுவதும், பின்னர் எஞ்சியதை உண்பதும் அவர்தம் கடன். ஒக்ஸ்போட்டில் இவர்களை ஒத்தவர்க்குப் பணியாளர் என்னும் பொருள்படும் பெயரே வழங்கிற்று.

இங்கே வியப்பொன்று உளது. நியூற்றனின் தாயார் வறியவர் அல்லர். நிலபுலமும் ஆட்டு மந்தையும் உடையவர். ஆயினும் மகனின் படிப்பை அவர் வேண்டாச் செலவாகவே கருதினார் போலும். ஆண்டொன்றுக்குப் பத்துப் பவுண் அளவிலேயே அவர் மகனுக்குக் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். அத்தொகைக்குள் வாழக் கற்ற மாணவன், கணக்கெழுதுவதைப் பழக்கமாக்கிக் கொண்டான்.

அக்கணக்கேடு இன்றும் உளது. அதில் அவன் செலவுகளை இரு பகுதியாக வகுத்தான். ஒன்று முறையான செலவு. மற்றொன்று வீணும் பயனின்றியும் கழிந்த செலவு. சேலாப்பழம், பழப்பாகு, பணியாரம், பியர் என்பனவற்றை இரண்டாம் பகுதியில் எழுதினான். அவற்றை அவன் உண்ணாமலும் பருகாமலும் இருக்கவில்லை. உண்டான், பருகினான், பின்பு இது வீண்செலவு என்று தன் கையாலேயே எழுதினான். தன்னை ஏமாற்றிக்கொள்ளாத இந்நேர்மையே அக்கணக்கின் சிறப்பு.

மற்றொரு செய்தியும் அவ்வேட்டிலிருந்து தெரிகின்றது. ஏவல் செய்து கற்ற இம்மாணவன் உடன் பயின்றோர்க்குக் கடன் கொடுத்து வந்தான். யாருக்கு எவ்வளவு என்று எழுதுவான். திரும்பி வந்ததும் அவ்வரியைக் கோடிட்டு அடிப்பான். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மாதக் கடைசியிற் கையை விரிக்க, அவர்தம் பந்தியிற் பரிமாறுகின்றவனிடம் காசு இருந்தது! 1664ஆம் ஆண்டில் நியூற்றன் கல்லூரியின் உபகாரச் சம்பள மாணவனாகத் தெரிவு செய்யப்பட்டான். அன்றோடு ஏவற் பணி ஒழிந்தது. பொழுது முழுவதும் அவனுடையதாயிற்று. அடுத்த இரண்டாண்டுகளில் அவன் கணிதத்திலும் ஒளியியலிலும் கண்ட உண்மைகள் உலகின் அறிவையே மாற்றின. பொழுது ஒருவனுக்குச் சொந்தமாகும்போது என்ன விளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பென்சுக் கணக்கு எழுதிய அம்மாணவர் 1696இல் அரசாங்க நாணயச் சாலையின் காப்பாளராகவும் பின்னர் அதன் தலைவராகவும் அமர்ந்து, நாட்டின் நாணயத்தையே சீர்செய்தமை வரலாறு கண்ட இனிய பொருத்தம்.

ஆனால் எல்லாச் சைசர்களும் நியூற்றன்கள் அல்லர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின் அயர்லாந்தின் டப்ளின் நகரில், அதே பெயருடைய திரினிற்றிக் கல்லூரியில், ஒலிவர் கோல்ட்ஸ்மித் என்பவர் சைசராகச் சேர்ந்தார். நம் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற பலரும் அவர் பெயரை அறிவர். அங்கே சைசர்கள் முரட்டுத் துணியில் தனி அங்கியும் சிவப்புத் தொப்பியும் அணிய வேண்டும். காலையில் முற்றம் பெருக்குவதும் பந்திக்கு உணவு சுமப்பதும் அவர் பணி. தூரத்தில் வரும்போதே, இவன் ஏவலாள் என்று அந்த உடை அறிவித்துவிடும். உணர்ச்சி மிக்க கோல்ட்ஸ்மித்தின் நெஞ்சில் இது ஆறாத புண்ணாயிற்று. பின்னாளில் அவர் தம் நூலொன்றில் இவ்வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தார். மனிதனை விடுதலை செய்ய வந்த கல்வியைக் கற்பவனே அடிமை போல நடத்தப்படுவது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் வாதம்.

1747இல் அவருடைய தந்தையார் இறந்தார். வீட்டிலிருந்து வந்த சிறு உதவியும் நின்றது. அப்பொழுது கோல்ட்ஸ்மித் ஒரு வழி கண்டார். தெருப் பாடகர்கள் பாடி விற்பதற்குரிய பாட்டுகளை எழுதி, ஓர் அச்சுக்கடையில் ஒவ்வொன்றும் ஐந்து சிலிங்குக்கு விற்றார். இரவில் மெல்லக் கல்லூரியை விட்டு நழுவி, இருண்ட தெருவோரத்தில் நின்று, தம் பாட்டை யாரோ பாடக் கேட்டு மகிழ்வார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கற்கும் காலத்தில் தாம் கற்றதைக் கொண்டே பொருள் ஈட்டிய மாணவர் அவர். கையும் காலும் செய்த ஏவல் அவருக்கு நாணத்தைத் தந்தது. அறிவு ஈட்டிய ஐந்து சிலிங்கோ பெருமிதத்தைத் தந்தது.

ஆயினும் அந்த ஐந்து சிலிங்கு அவர் அறை வரையிற் சென்றது அரிது. வழியில் எதிர்ப்பட்ட இரவலர்க்கு அதனைக் கொடுத்து விடுவார். ஒருநாட் குளிரில் நடுங்கிய ஏழைத் தாய்க்கும் அவள் மக்களுக்கும் தம் போர்வையையே கொடுத்துவிட்டு, மெத்தையைக் கிழித்து அதன் பஞ்சுக்குள் புகுந்து துயின்றார் என்றொரு கதை வழங்குகின்றது. உள்ளம் பொன், கையோ ஓட்டைப் பானை. வாழ்நாள் முழுவதும் அவர் நன்றாக ஈட்டினார், ஒருநாளும் சேர்த்தாரில்லை. 1774இல் இறந்தபோது ஏறத்தாழ 2000 பவுண் கடன் விட்டுச் சென்றார். கொடையைப் பழிப்பது நம் கருத்தன்று. ஈட்டுதல் ஒரு கலை, காத்தல் வேறொரு கலை என்பதும், முன்னது வாய்த்தவருக்குப் பின்னது தானாக வருவதில்லை என்பதும் இவ்வாழ்க்கை காட்டும் உண்மை.

கோல்ட்ஸ்மித்தின் நண்பரான சாமுவேல் ஜோன்சனின் கதை இதனினும் உருக்கமானது. புத்தகக் கடைக்காரர் ஒருவரின் மகனாகிய அவர் 1728இல் ஒக்ஸ்போட்டின் பெம்புரோக்குக் கல்லூரியிற் சேர்ந்தார். அவர் ஏவல் மாணவரல்லர். கட்டணம் செலுத்தும் மாணவர். ஆனால் எதிர்பார்த்த பொருளுதவி வரவில்லை. சப்பாத்துக் கிழிந்து விரல்கள் வெளியே தெரிந்தன. வேறொரு கல்லூரியில் நடந்த நல்ல விரிவுரைகளின் சாரத்தை நண்பர் ஒருவரிடம் கேட்டறிவதற்காக அவர் நாள்தோறும் சென்று வந்தார். அக்கல்லூரி மாணவர் தம் கால்களை நோக்குவதைக் கண்டதும் போவதை நிறுத்திக் கொண்டார். அவர் நிலை கண்டு இரங்கிய எவரோ ஒருவர், ஓரிரவு புதிய சப்பாத்து ஒரு சோடியை அவர் அறை வாயிலில் வைத்துச் சென்றார். காலையில் அதனைக் கண்ட ஜோன்சன் சினங்கொண்டு வீசி எறிந்தார்.

இதனைக் கேட்போருள் சிலர் அவரைச் செருக்கர் என்பர். ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். அறிவிலே தமக்கு ஒப்பார் இல்லை என்றறிந்த இளைஞன், காலுக்குச் சப்பாத்தில்லாமல் நிற்கிறான். கேட்காமற் கிடைத்த உதவி அவன் வறுமையை ஊரறியச் செய்துவிட்டதாக அவன் உணர்கிறான். அந்தச் சப்பாத்தை அவனே உழைத்து வாங்குவதற்கு ஒரு வழி அக்கல்லூரியில் இருந்திருக்குமாயின் அவன் எறிந்திருப்பானா? அங்கே இரண்டே நிலைகள் இருந்தன. ஒன்று பொருளுடையவனாக இருத்தல். மற்றொன்று அடையாள உடை தரித்து ஏவலாளாதல். மானத்தோடு உழைத்துக் கற்கும் நடுவழி அங்கில்லை. ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்களின் பின் ஜோன்சன் பட்டம் பெறாமலே கல்லூரியை நீங்கினார். 1755இல், அவருடைய பேரகராதி வெளிவரும் தறுவாயில், அதே பல்கலைக் கழகம் அவருக்குப் பட்டம் வழங்கிற்று. ஆனால் அவர் இழந்த கல்லூரி ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்? ஜோன்சனைப் போன்ற பேராற்றல் இல்லாமையால், பெயரும் தெரியாமல் ஊர் திரும்பிய மாணவர் எத்தனை பேரோ!

அந்த நடுவழி திறக்கப்பட்ட வரலாற்றுக்கு இனி அமெரிக்காவை நோக்குவோம். 1872ஆம் ஆண்டு. அடிமைத்தனம் ஒழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் என்னும் கறுப்பின இளைஞன், வேர்ஜீனியாவில் ஹாம்ப்டன் என்னும் இடத்தில் தன் இனத்தவர்க்கென ஒரு கல்விநிலையம் இருப்பதாகக் கேள்வியுற்றான். அவ்விடம் அவன் ஊரிலிருந்து ஏறத்தாழ 500 மைல். கையிலிருந்த சிறு பணம் வழியிலேயே தீர்ந்தது. றிச்மண்ட் நகரில், தெருவோரத்துப் பலகை நடைபாதையின் கீழே படுத்துறங்கி, பகலிற் கப்பலிலிருந்து இரும்பு இறக்கிக் கூலி பெற்று, மீண்டும் நடந்தான். ஹாம்ப்டனை அடைந்தபோது அவன் கையில் எஞ்சியிருந்தது ஐம்பது சதம்.

அழுக்கேறிய உடையோடு நின்ற அவனைச் சேர்ப்பதா விடுவதா என்று தலைமை ஆசிரியை தயங்கினார். சில மணி நேரத்தின் பின், பக்கத்து வகுப்பறையைக் கூட்டித் துப்புரவாக்குமாறு பணித்தார். அவன் மூன்று முறை கூட்டினான்; நான்கு முறை தூசி துடைத்தான். ஆசிரியை வந்து தம் கைக்குட்டையால் மரச்சுவரையும் மேசையையும் தடவிப் பார்த்தார். ஒரு துகள் தூசியும் இல்லை. அதுவே அவனுடைய நுழைவுத் தேர்வு ஆயிற்று. அக்கட்டடத்தைத் துப்புரவாகக் காக்கும் வேலையும் அவனுக்குக் கிடைத்தது. மாதம் பத்து டொலரான உணவு விடுதிச் செலவை அவ்வேலையினாற் பெரும்பாலும் ஈடு செய்தான்.

கேம்பிரிட்ஜிற் சைசர் செய்ததும் துடைப்ப வேலை. ஹாம்ப்டனில் இவன் செய்ததும் துடைப்ப வேலையே. ஆனால் அங்கே ஒரு மாணவன் வேறொரு மாணவனுக்கு ஏவல் செய்தான். இங்கே தான் கற்கும் இடத்தைத் தானே காத்தான். வேலைக்குத் தனி உடை இல்லை. உழைக்காத உயர்குலத்தார் என்று வேறொரு கூட்டமும் அங்கில்லை. மானம் கெடுவது வேலையினாலன்று, வேலையோடு சேர்த்துக் கட்டப்படும் இழிவினாலேயே என்பதற்கு இவ்விரண்டு துடைப்பங்களும் சான்று.

முதலாண்டு முடிவில் அவன் கல்விநிலையத்துக்குப் பதினாறு டொலர் கடன்பட்டிருந்தான். விடுமுறையில் உணவுச்சாலை ஒன்றில் வேலை செய்தான். கூலி அவன் சாப்பாட்டுக்குச் சற்றே மேலாக இருந்தது. ஒருநாள் மேசையின் கீழே புத்தம் புதிய பத்து டொலர் நோட்டு ஒன்று கிடந்தது. கடன் நெஞ்சை அழுத்தும் வேளை. அவன் அதனை உணவுச்சாலை உரிமையாளரிடம் காட்டினான். அவரோ, தம் இடத்திற் கிடந்தது தமக்கே உரியது என்று தம் பையில் இட்டுக்கொண்டார். வெறுங்கையோடு ஹாம்ப்டன் திரும்பிய அவன், நிலைமையைப் பொருளாளரிடம் ஒளிக்காமற் சொன்னான். இயன்றபோது செலுத்துவாய் என்று அவர் நம்பி ஏற்றுக்கொண்டார். ஏழை மாணவனுக்கு அவன் நாணயமே முதற் பிணை.

பின்னர் வாஷிங்டன் அதே ஹாம்ப்டனில் ஆசிரியராகி இராப்பாடசாலை ஒன்றை நடத்தினார். அங்கே சேர்க்கப்பட்டவர் உணவுச் செலவுக்கும் வழியில்லாத இளைஞரும் மகளிரும். அவர்கள் பகலிற் பத்து மணி நேரம் வேலை செய்து, இரவில் இரண்டு மணி நேரம் படித்தனர். கூலியில் உணவுச் செலவு போக மிகுந்ததைக் கையிற் கொடுக்காமல், அவரவர் பெயரிற் கல்விநிலையக் கருவூலத்திற் சேர்த்து வைத்தனர். ஓரிரண்டு ஆண்டு கழித்து அம்மாணவர் பகற்பள்ளிக்கு மாறியபோது, அவர்தம் உணவுச் செலவை அச்சேமிப்பே ஏற்றது. இது நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஏற்பாடு. தக்கசீலத்து ஏழை மாணவன் பகலைக் கொடுத்து இரவைப் பெற்றான். அவனுக்கு இரவே நிலைத்தது. ஹாம்ப்டன் மாணவனோ இன்றைய பகலைக் கொடுத்து நாளைய பகலை வாங்கினான். இடையில் நின்று இம்மாற்றத்தைச் செய்தது சேமிப்பு.

இனி, ஈட்டுதற்கு வழியில்லாத மாணவன் என்ன செய்வது என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை சொல்பவர் நமக்கு மிகவும் அணுக்கமானவர். 1888இல், பதினெட்டு வயதில், சட்டம் கற்பதற்காக இலண்டன் சென்ற மோகன்தாஸ் காந்தி, முதற் சில மாதங்களில் ஆங்கிலக் கனவான் போல விளங்க விரும்பினார். விலையுயர்ந்த உடையும் உயரத் தொப்பியும் வாங்கினார். நடனம் பயிலவும் வயலின் பயிலவும் பணம் கட்டினார். பின்பு ஒருநாள் விழிப்புற்றார். தமையனார் அருமையாக அனுப்பும் பணம் எங்கே போகின்றது என்று தம்மைத் தாமே கேட்டார்.

அப்பொழுது அவர் தொடங்கியது கணக்கு. வண்டிக் கூலி, கடித முத்திரை, பத்திரிகைக்குக் கொடுத்த காசு ஆகிய எதுவும் விடாமல் எழுதினார். இரவு துயிலுமுன் இருப்பைச் சரிபார்த்தார். குடும்பமொன்றோடு தங்கியிருந்ததை விட்டு வாடகை அறைக்கு மாறினார். தம் வேலைக்கு நடந்து செல்லக்கூடிய இடமாக அதனைத் தேர்ந்தமையால் வண்டிக் கூலி மிஞ்சியது. நாளுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தமையால் உடல்நலமும் வளர்ந்தது. பின்னர் ஒற்றை அறைக்கு மாறி, சிறு அடுப்பில் தாமே காலைக் கஞ்சியும் மாலையிற் கொக்கோவும் காய்ச்சினார். உணவுச் செலவு நாளொன்றுக்கு ஒரு சிலிங்கு மூன்று பென்சாகச் சுருங்கியது. இக்காலத்திலேயே அவர் இலண்டன் மெற்றிக்குலேசன் பரீட்சைக்கும் படித்தார். முதன்முறை இலத்தீனில் தவறி, மறுமுறை வென்றார். எளிய வாழ்க்கை தம் உள்ளத்துக்கு மகிழ்வையே தந்தது என்று அவர் பின்னர் எழுதினார். பிற்காலத்தில் இலட்சக் கணக்கான பொதுப்பணம் அவர் கைவழியே சென்றபோது கடன்படாமற் காத்ததும் அந்த மாணவப் பருவத்துக் கணக்குப் பழக்கமே என்பது அவர் தம் வாக்குமூலம்.

நம் நாட்டு மாணவர் வரலாற்றிலும் இத்தகைய உழைப்புக்குச் சான்று உண்டு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் அமெரிக்க மிசனரிமார் மாணவர்க்கு உணவும் உறையுளும் கொடுத்துக் கற்பித்தனர். அங்கு பயின்ற சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை பின்னர் சென்னை சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தியும் ஆசிரியத் தொழில் பார்த்தும் வந்தார். சென்னைப் பல்கலைக் கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் இருவர். ஒருவர் இவர், மற்றவரும் யாழ்ப்பாணத்தவரான விசுவநாதபிள்ளையே. ஆகவே தென்னாட்டின் முதற் பட்டம், உழைத்து உண்டு, எஞ்சிய பொழுதிற் படித்தவர் கைக்குச் சென்றது. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய பெருமகன் அவரே என்பதை நினைக்கும்போது, உழைப்பு அவர் கல்வியைக் குறைத்தது என்று யார் கூறுவர்?

1945ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் பாலர் வகுப்பு முதற் பல்கலைக் கழகம் வரை கட்டணம் நீங்கியது. 1981இல் மகாபொல உபகார நிதி ஏற்பட்டது. இவை பெரும் பேறுகள். ஆயினும் கட்டணம் நீங்கிற்றேயன்றிச் செலவு நீங்கவில்லை. பேராதனைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தாறுமூலைக்கும் தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு அறை வாடகை உண்டு. பேருந்துக் கட்டணம் உண்டு. பாடக் குறிப்புகளைப் பிரதி எடுக்கும் செலவு உண்டு. திருமுக்கூடற் கணக்கர் கண்ட அதே எண்ணெய்ச் செலவு இன்று வேறு பெயர்களில் வருகின்றது.

இச்செலவை ஈட்டிக்கொள்ள வழிகள் இல்லாமலில்லை. மாலையிற் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். மும்மொழி அறிந்தவர் மொழிபெயர்க்கலாம். அச்சகத்துக்குப் படி திருத்தலாம். கணினியில் எழுத்துக் கோக்கலாம். விடுமுறையிற் கடையிலோ வயலிலோ உழைக்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்று வினவினால், கோல்ட்ஸ்மித்தின் ஐந்து சிலிங்கை நினைவு கூர்க. கற்ற கல்வியோடு ஒட்டிய வேலை பொருளையும் தரும், அக்கல்வியையும் உறுதிப்படுத்தும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கு விளக்குகின்ற மாணவன் தன் கணக்கறிவையே மீண்டும் உழுகிறான்.

ஆனால் ஓர் எல்லை வேண்டும். நியூற்றனுக்குச் சிறந்த ஆண்டுகள் ஏவல் ஒழிந்த பின்பே வந்தன என்பதை மறவாதீர்கள். பரீட்சை நெருங்கும்போதும் வேலையை விடமாட்டாத மாணவன், விதைநெல்லைக் குற்றி உண்பவனை ஒப்பான். வேலைக்கு இத்தனை மணி நேரம், அதற்குமேல் இல்லை என்று முதலிலேயே வகுத்துக்கொள்ளுதல் நன்று.

ஈட்டியதைக் காக்க ஓர் ஏடு போதும். நியூற்றனைப் போல இரு பகுதியாக வகுத்து எழுதுக. வீண்செலவை வீண்செலவென்று எழுதும் துணிவு வந்துவிட்டால், அடுத்த மாதம் அப்பகுதி தானே சுருங்கும். எழுதி எஞ்சியது சிறிதாயினும் கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இந்நாட்டிற் சிறு தொகையைச் சேமிப்பதற்கு 1832இல் இலங்கைச் சேமிப்பு வங்கியும் 1885இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் ஏற்பட்டன. பின்னர் அவை தேசிய சேமிப்பு வங்கியுடன் ஒன்றாயின. நம் பாட்டிமார் பனையோலைக் கொட்டைப் பெட்டியில் முடிந்து வைத்ததும் இதே அறிவினாலேயே. வாரம் நூறு ரூபா சேர்த்தால் ஆண்டில் ஐயாயிரத்துக்கு மேலாகும். அப்பணம் பரீட்சைக்கு முந்திய ஒரு மாத காலம் வேலைக்குப் போகாமற் படிக்க உதவுமாயின், அதுவே ஹாம்ப்டன் மாணவர் வாங்கிய பகல்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிச்சை எடுத்தேனும் படிக்க வேண்டும் என்று நம் முன்னோர் அறிவுரை கூறினர். இரந்து கற்பதே இழிவன்று என்றால் உழைத்துக் கற்பது எவ்வாறு இழிவாகும்? உங்கள் மகன் கடையொன்றில் நின்று பொருள் நிறுப்பதை ஊரார் காணட்டும். உங்கள் மகள் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு மாலையில் திரும்புவதைத் தெரு முழுவதும் பார்க்கட்டும். ஜோன்சனின் சப்பாத்தை நோக்கிய கண்கள் ஒரு மேதையைக் கல்லூரியிலிருந்து துரத்தின. அத்தகைய கண்கள் நம் ஊரில் இராமற் பார்த்துக்கொள்வது நம் கடமை.

பிள்ளை முதன்முதல் உழைத்துப் பெற்ற சில நூறு ரூபாவை வீட்டிற் கொண்டுவந்து காட்டும் நாளில், எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இதனை ஈட்ட எத்தனை மணி நேரம் கொடுத்தாய் என்று கேளுங்கள். பின்பு அவன் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, முதல் வரியை உங்கள் முன்னிலையிலேயே எழுதச் சொல்லுங்கள்.